சிவப்பு விளக்கில் மட்டும்

ஓடும்போது பனி,
நின்றால் நாய் மூச்சு என்றாள் டெல்ஃபினா.
எர்மோசீயோவில் ஆகஸ்ட், பகல் பன்னிரண்டரை.
என் பட்டறையின் கூரைத் தகரம்
தானாகவே முனகிக்கொண்டிருந்தது.

இரண்டு முறை கேஸ் ஏற்றியாயிற்றாம்.
இரண்டு முறையும் அறுநூறு பெசோ.
ஏற்றியவன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தானா என்றேன்.
என் பர்ஸுக்குள் பார்த்தான் என்றாள்.
அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

பழைய வெள்ளை நிஸான்.
கணவன் வடக்கே செம்புச் சுரங்கத்தில்,
பதினான்கு நாள் வேலை, ஏழு நாள் வீடு.
அவன் இல்லாத நாட்களில் வண்டி இவளுடையது,
அதன் காய்ச்சலும்.

ஏசியைப் போடச் சொன்னேன்.
டக்கென்று கம்ப்ரஸர் கவ்வியது. நல்லது.
விசிறி?
கேட்கவில்லை.
கேஜின் சிவப்பு முள் ஏறியது,
முந்நூறு, முந்நூற்றைம்பது,
நானூற்றைத் தொட்டதும்
போதும் சாமி என்று கம்ப்ரஸர் கைவிட்டது.
ஒரு வாளித் தண்ணீரைக் கண்டென்சர்மேல் வீசிவிட்டு
மறுபடி போட்டேன். முள் பாதியில் நின்றது.
ஆக, கேஸ் குறையில்லை, காற்றுக் குறை.
சாலையில் போகும்போது ஊரே விசிறுகிறது;
சிக்னலில் யார் விசிறுவார்?

ஃப்யூஸுக்கு உயிர் இருந்தது.
ஹாரனின் ரிலேயைப் பிடுங்கி
விசிறியின் குழியில் மாட்டினேன். அசையவில்லை.
பழைய ரிலேயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
குச்சியால் இறக்கையைத் தள்ளினேன்.
இறுகாமல் சுற்றியது.
பாட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்தேன்,
மேசையிலிருந்த ரசீதுகளெல்லாம் பறந்தன.
மோட்டார்மேல் பழி இல்லை.
பிளக்கில் பன்னிரண்டு வோல்ட்டும் வந்து நிற்கிறது.
வந்தது திரும்பிப் போகத்தான் வழியில்லை.

கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
ரேடியேட்டரின் ஓரம், ஹெட்லைட்டின் முதுகு,
அங்கே உள்தகட்டில் ஒரு போல்ட்.
எர்த்.
எங்கள் மொழியிலும் அதற்குப் பெயர் மண்தான்.
வயரின் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பெயின்ட்,
வழவழவென்று, கம்பெனி வெள்ளையைவிட
ஒரு சொட்டுப் பால் கூடிய வெள்ளை.

முன்பக்கம் எப்போது அடிபட்டது?
யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.
அடியே படவில்லை என்றாள்.
நான் விளக்கை நகர்த்தவில்லை.
அவளே குனிந்து, நகத்தால் சுரண்டினாள்.
உரித்த இடத்தில்
தட்டி நிமிர்த்திய சுத்தியலின் பள்ளங்கள்.

மார்ச்சில், என்றாள், என்னிடம் அல்ல.
நெற்றியில் கட்டோடு வந்தான்.
சுரங்கத்தில் கம்பி இடித்ததென்றான்.
நானும் மஞ்சள் களிம்பு போட்டேன்.

தெருவில் வெல்ல ரொட்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.
நான் உப்புத்தாளை எடுத்தேன்.
உலோகம் தெரியும்வரை தேய்த்து
போல்ட்டை முறுக்கியதும் விசிறி பிடித்துக்கொண்டது.
முள் இருநூற்று எழுபதுக்கு வந்து
அங்கேயே உட்கார்ந்தது.

ரசீதில் கை சற்று நின்றது.
எர்த் சரிசெய்தது, நூற்றைம்பது, என்று எழுதினேன்.
வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தாள்.
பெயின்ட்டையும் எழுதுங்கள்.
தேதி போடுங்கள்.

பிறகு கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்,
கிளம்பாமல், இஞ்சின் ஓட.
பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
அவனைப் பார்த்துக் கையைக் காட்டினேன், பொறு என்று.
விசிறி நின்று நின்று சுற்றியது.
உள்ளே அவள் கூந்தல் மட்டும் அசைந்தது.

அவள் போய் ஒரு மணி நேரம் கழித்து
பென்சிலைத் தேடியபோது கையில் தட்டுப்பட்டது
சட்டைப்பையில் அந்த ரிலே.
விசிறியை மாட்டிக் கொடுத்தேன்,
ஹாரனை ஊமையாக்கி அனுப்பிவிட்டேன்.
போன் அடித்தேன்.
எடுக்கவில்லை.
நாளை வருவாள் என்று
அதை ஆணியில் மாட்டி, அடியில்
அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.